காக்கா வராத தோட்டம்

வா கண்ணு, உள்ள வா. செருப்பக் கழட்டாத, தோட்டத்துல முள்ளு கெடக்கும். நம்ம தோட்டக் குழுல இருந்து வர்றேன்னு போன்ல சொன்னது நீதானா? நான் யாரோ வயசானவிங்க வருவாங்கன்னு நெனச்சேன். இந்தச் சேருல உக்காரு. மோரு குடிக்கிறயா? வேண்டாமா? செரி, அப்பறமாக் குடி.

எம்பேரு வசந்தாமணின்னு போட்டுக்க. ஊட்டுக்காரரு பேரெல்லாம் என்னத்துக்கு, அவரா வெச்சாரு தோட்டம்? மிருகம் எதுவும் அண்டாம எப்படிக் காப்பாத்துறேன்னுதான கேட்டு எழுதோணும்? கேளு. இந்தக் காலனில அறுவது ஊடு. எல்லாத்தூட்டுப் பொடக்காளிலயும் போயிப் பாரு. பொடக்காளின்னா தெரியும்ல? ஊட்டுக்குப் பின்னால இருக்கற எடம். ஒரு ஊட்லயாச்சும் முழுசா ஒரு தக்காளி பழுத்து நிக்குதான்னு பாரு. நிக்காது. ஆடு பாதி, அணிலு பாதி. இங்க பாரு, எண்ணிப் பாரு. ஒரு காயில ஒரு கீறலு இருக்குதா?

மொதல்ல ஆடு. கேட்டுக்குக் கொக்கி போட்டாப் பத்தாது. ஆடு மூஞ்சில நெம்பித் தூக்கிரும். அடில ஒரு சங்கிலி வேணும். எழுதிக்கிட்டயா? நாய்க்குச் சொட்டு நீலத்தத் தண்ணில கலக்கிப் பாட்டல்ல ஊத்தி நாலு மூலைலயும் வெய்யி. ஏன் வராதுன்னு என்னையக் கேக்காத, வராது, அவ்வளவுதான். பெருச்சாளி வளையில கண்ணாடிச் சில்லப் போட்டு மண்ணத் தள்ளிச் சிமெண்ட் பூசிரோணும். பூனை புதுமண்ணத்தான் தேடி வரும், அதனால வெதை போட்ட கையோட மேல முள்ளுக் கெளையப் பரப்பிரு. அணிலுக்கு நெட்டு, வலைதான், மேல கட்டோணும். பச்ச நெட்டு வாங்காத, வெயில்ல இத்துப்போகும். கறுப்பு வாங்கு.

என்னது? காக்காய்க்கா?

காக்காய்க்கு என்ன பண்ணுனேன்னு பக்கத்தூட்டுச் செல்வியக்கா சொல்லி உட்டாளா உன்னைய? இல்லியா? நீயாத்தான் கேக்கறயா? செரி. அத எழுத வேண்டாம். பேனாவ மூடி வெய்யி. நானே சொல்றேன், என்ற வாயால கேட்டுக்க. ஊருக்குள்ள ஆளாளுக்கு ஒரு கதை வெச்சிருக்கறாங்க.

இந்த ஊடு எங்க மாமனாரு கட்டுனது. பால் சொசைட்டில அளவைக்காரரா இருந்தாரு. உள்ள இருக்கற அண்டா குண்டா எல்லாம் எங்க மாமியா வாங்குனது. நாத்தனா கலாமணி வந்தா இது அவ பொறந்த ஊடு, அவ இஷ்டத்துக்கு பீரோவத் தெறப்பா. நான் வந்து இருவத்தெட்டு வருசம் ஆச்சு. என்னுதுன்னு சொல்றதுக்கு என்ன இருந்துச்சு சொல்லு? மில்லுல என்னைய நிறுத்துன வருசம், சும்மா ஊட்ல உக்கார முடியாம, இந்த மூணு சென்ட்டுல மம்பட்டியப் போட்டேன். கல்லும் சீமைக் கருவேலங்கட்டையுமாக் கெடந்த எடம். கையில ரத்தம் வரத் தோண்டுனேன் கண்ணு. ஒருத்தரும் கூட வந்து ஒரு கல்ல எடுத்துப் போடல. அத எழுது வேணும்னா.

மாமியா போயிச் சேந்தது அதுக்கு ரெண்டு வருசம் முந்தி. மாமாவுக்குச் சோறு போட்டுட்டு, தனக்கு வட்டல எடுக்கறக்குத் திரும்புனவ அப்படியே உக்காந்துட்டா. அவ்வளவுதான். மாரடைப்பு. அவ உண்ணாமப் போயிட்டா, உண்ணாமப் போயிட்டான்னு மாமா அதையவே சொல்லிட்டு இருப்பாரு. உசுரோட இருந்தப்ப நாப்பத்தஞ்சு வருசத்துல ஒரு நாளு 'நீ உண்டயா பாவாயி'ன்னு கேட்டிருப்பாரா? நான் பாத்ததில்ல. செத்தப்பறம் தெனமும் அவளுக்குத்தான் மொதல் உருண்டை. மத்தியானம் பன்னெண்டரைக்கு, சோத்துல பருப்பும் நெய்யும் ஊத்திப் பெசஞ்சு, பொடக்காளிச் சுவத்து மேல வெச்சு, கா கான்னு கூப்புடுவாரு. 'வா பாவாயி, வா'ம்பாரு. காக்கா உண்டாத்தான் இவரு வட்டல்ல உக்காருவாரு.

அமாவாசைக்கு வெய்யி, தெவசத்துக்கு வெய்யி, யாரு வேண்டாம்னாங்க? தெனமும் வெச்சா என்ன ஆகும்? சுவத்துல வெச்ச சோறு பாதி கீழ உழுகும். அதத் திங்கறக்கு ராத்திரி பெருச்சாளி. பெருச்சாளியப் புடிக்கப் பூனை. நெய் வாசத்துக்கு நாயி. நான் நாயத் தடுக்கறேன், பூனையத் தொரத்தறேன், இவரு அந்தப் பக்கம் நெய்ச்சோறு வெச்சு எல்லாத்தையும் விருந்துக்குக் கூப்புடறாரு. அந்தக் காக்காதான் சும்மா இருக்குமா? சோத்தத் தின்னுட்டு எறங்கி வந்து பப்பாளியக் கொத்தும். ஒரு நாளு நாப்பது தக்காளி நாத்து, வெளக்கு வெச்ச நேரத்துல நட்டு உட்டேன், காத்தால பாக்கறேன், அத்தனையும் புடுங்கி வரிசையா மண்ணு மேல போட்டிருக்குது. திங்கறக்குக்கூட இல்ல. வெளையாட்டு.

எடுத்துச் சொல்லாம இல்ல. 'மாமா, அந்தச் சோத்த ரோட்டோரமாக் கொண்டுபோயி வெய்ங்க'ன்னேன்.

'உன்ற மாமியா ரோட்டுல உக்காந்து உண்பாளா வசந்தா?'ன்னாரு.

கோவமாச் சொல்லல. நெசமாவே கேட்டாரு.

அந்த வாரம் அவரு மக ஊட்டுக்கு ரெண்டு நாளு போயிருந்தாரு. நம்ம டிரான்ஸ்பார்மருக்குக் கீழ ஒரு காக்கா செத்துக் கெடந்துச்சு. கரண்டு அடிச்சுது. நான் கொல்லல, அதை நல்லாக் கேட்டுக்க. செத்ததத்தான் எடுத்தேன். துணிக்கடைப் பையில போட்டுக் கொண்டுவந்து, காலுல கயித்தக் கட்டி, அதா, அந்த முருங்கைக்குப் பின்னால ஒரு மூங்கில் நட்டுத் தொங்க உட்டேன். எங்கம்மா ஊட்ல கடலைக் காட்டுக்கு அப்படித்தான் பண்ணுவாங்க. அது ஒண்ணும் பாவமில்ல, வெவசாயத்துல உள்ளதுதான்.

அம்மாடி, அன்னிக்கு வந்துச்சு பாரு கூட்டம். வயரெல்லாம் காக்கா, மொட்டை மாடியெல்லாம் காக்கா. ஒரு மணி நேரம் காது கிழியக் கத்துச்சு. நான் கயித்தக் கட்டிட்டு இருக்கறேன், எந்தலைய ஒண்ணு வந்து தட்டிட்டுப் போச்சு. அப்பறம் ஒண்ணொண்ணாப் பறந்துச்சு. போனதுதான். ஒரு பப்பாளில அதுக்கப்பறம் கொத்து உழுகல.

மாமா திரும்பி வந்தாரு. உருண்டைய வெச்சாரு. கூப்புட்டாரு. வரல. அவருக்குக் கண்ணுல பொறை, சுவத்துக்கிட்ட நின்னா முருங்கைக்குப் பின்னால இருக்கறது தெரியாது. மணி ஒண்ணாச்சு, ரெண்டாச்சு. 'சோறு ஆறுது மாமா, வந்து உண்ணுங்க'ன்னேன். 'அவ உண்கட்டும்'ன்னாரு. நான்தான், 'செல்போன் டவரு வந்ததுல இருந்து காக்காயே கொறஞ்சு போச்சாமா மாமா, பேப்பர்ல போட்டிருக்குது'ன்னேன். 'அப்படியா'ன்னு கேட்டுக்கிட்டாரு. மறுநாளும் வெச்சாரு.

மத்தியானச் சோறு அதோட நின்னுச்சு. ராத்திரி ரெண்டு இட்லி உண்பாரு. நானா பட்டினி போட்டேன்? சோத்த வடிச்சு, கொழம்பு வெச்சு, வட்டல்ல போட்டு வெச்சாத்தான். உண்கறதும் உடறதும் அவரு இஷ்டம். அந்த வயசுல அவ்வளவு புடிவாதம் ஆகாது கண்ணு. எங்க ஊட்டுக்காரரு ஒரு நாளு, 'அப்பன் என்ன இப்படி எளைச்சுட்டாரு'ன்னு கேட்டாரு. 'வயசாச்சுல்ல'ன்னேன். வேற என்ன சொல்றது?

ஒரு மாசம் அப்படியே போச்சு. அப்பறம் அவரே ஒரு வழி கண்டுபுடிச்சாரு. பைபாஸுக்கு அந்தப் பக்கம், லாரி எடை போடற எடத்துல ஒரு வேப்பமரம் இருக்குது. அங்க காக்கா அடையுதுன்னு ஆரோ சொல்லியிருக்கறாங்க. தூக்குப்போசில சோத்த எடுத்துட்டு தெனமும் ரோட்டத் தாண்டிப் போவாரு. அது உண்ட பொறகு திரும்பி வந்து இங்க உண்பாரு. உள்ளதச் சொல்றேன், எனக்கு நிம்மதியா இருந்துச்சு. சோறு தோட்டத்த உட்டுப் போச்சு, அவரும் உண்ண ஆரம்பிச்சுட்டாரு, ரெண்டு பேருக்கும் நல்லதுதான? அந்த வருசந்தான் நம்ம குழுல எனக்கு மொதப் பரிசு குடுத்தாங்க. இந்த மேட்டூர்க் கத்திரி, ஒரு செடில நாலு கிலோ. போட்டோ பாத்திருப்ப. கைல தட்டோட நான் நிப்பேன்.

அந்த போட்டோ வந்த அன்னிக்குத்தான் மாமாவ பைபாஸுல பைக்குக்காரன் அடிச்சான். கூட்டமா வந்து ஆளுங்க கூப்புட்டாங்க. நான் போயிப் பாக்கறேன், ரோட்டு நடுவுல படுத்திருக்கறாரு. தூக்குப்போசி அந்தப் பக்கம் உருண்டு கெடக்குது. இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு.

என்னையக் குத்தம் சொல்றவளுக ஒருத்தியாச்சும் அப்பறம் நடந்ததச் சொல்றாளா கேளு. நாப்பது நாளு. கட்டல்ல கெடந்த மனுசனுக்கு மலமூத்திரம் அள்ளுனது ஆரு? கலாமணியா? அவ ஞாயித்துக்கெழமை ஆப்பிள் வாங்கிட்டு வந்து அழுதுட்டுப் போவா. முதுகுல புண்ணு வந்துரக் கூடாதுன்னு ராவும் பகலும் மணிக்கொருக்காப் பொரட்டிப் படுக்க வெச்சது நான். குளிப்பாட்டுனது நான். முன்னால ஆசாரத்துல, கூடத்துல, படுத்திருந்தவர, கக்கூசு பக்கத்துல இருக்கட்டும்னு பின்னால ரூமுக்கு மாத்துனதும் நான்தான். சன்னலு இருக்குது, காத்து வரும்னுதான் மாத்துனேன்.

மத்தியானம் ஆனா அதே கேள்விதான். 'அவ உண்டாளா வசந்தா?' படுக்கைலயும் அந்தக் கேள்விய உடல. உண்டான்னாத்தான் வாயத் தொறப்பாரு. நான் என்ன பண்ணட்டும்? 'உண்டுட்டாங்க மாமா, இப்பத்தான் சுவத்துல வந்து உக்காந்து உண்டுட்டுப் போச்சு'ன்னு சொல்வேன். 'நெசமா?'ம்பாரு. 'நெசமாத்தான் மாமா'ன்னு சொல்லி ஊட்டி உடுவேன். என்ற முகத்தையே பாத்துட்டு உண்பாரு. நாப்பது நாளும் ஒரு நாளு தவறாம இந்தப் பொய்யச் சொன்னேன். ஒரு மனுசன் நாலு வாய் உண்கறக்காகச் சொன்ன பொய்யி பாவத்துல சேருமா?

அவரு போயிச் சேந்தப்பறம், ரூமக் கழுவி உடறக்குப் போனேன். இடுப்பு வலி. சித்த நேரம்னு அந்தக் கட்டல்லயே தலையச் சாச்சேன். சாச்சுட்டு சன்னலப் பாக்கறேன்.

நேராத் தெரியுது கண்ணு. முருங்கை அந்தப் பக்கம் நிக்குது, மூங்கிலு இந்தப் பக்கம் நிக்குது. காஞ்சு போன காக்கா காத்துல சுத்திக்கிட்டு இருக்குது. பொறை உழுந்த கண்ணுக்கும் தெரியும். அவ்வளவு கிட்டக்க.

அப்ப நாப்பது நாளும் பாத்துட்டுத்தான் கெடந்திருக்கறாரு. பாத்துக்கிட்டே 'அவ உண்டாளா'ன்னு கேட்டிருக்கறாரு. நான் உண்டான்னு சொல்லச் சொல்ல, வாயத் தொறந்து வாங்கிட்டிருந்திருக்கறாரு. ஒரு வார்த்தை கேட்டாரா? 'ஏன் வசந்தா இப்படிப் பண்ணுனே'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானும் ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பேன், நாத்தப் புடுங்குனதச் சொல்லியிருப்பேன், அன்னிக்கே மூங்கிலப் புடுங்கியும் இருப்பேன். கேக்கல. என்னையப் பொய்க்காரியாவே வெச்சுட்டுப் போயிட்டாரு. எனக்கு அதுலதான் கோவம். இன்னைக்கும் அந்தக் கோவம் ஆறல.

மூங்கில அன்னிக்கே ஏன் புடுங்கலைன்னு கேக்கறயா? சாவு ஊடு. வந்த ஒறம்பரை சொந்தபந்தத்துக்குச் சோறாக்குறதா, மூங்கில் புடுங்குறதா? மறந்துட்டேன். மறக்கறது மனுசருக்கு உள்ளதுதான.

கருமாதி அன்னிக்கு மொட்டை மாடில இலை போட்டு, பதினாறு வகையும் வெச்சு, எங்க ஊட்டுக்காரரு ஈரவேட்டியோட நின்னு கூப்புடறாரு. முப்பது ஒறம்பரையும் மேல பாத்துட்டு நிக்குது. வரல. பத்து மணிக்கு வெச்சது, மணி ஒண்ணு. கொழந்தைகெல்லாம் பசில அழுவுது. பெரியவரு ஒருத்தரு, 'ஏதோ மனக்கொறையோட போயிருக்கறாரு'ன்னாரு. எல்லாரும் என்னையத் திரும்பிப் பாத்தாங்க. எதுக்கு என்னையப் பாக்கோணும்? 'மனக்கொறையும் இல்ல ஒண்ணும் இல்ல, அங்க செத்த காக்கா தொங்குது, அதனாலதான் வரல'ன்னு நானே சொன்னேன். உள்ளதச் சொன்னேன். கைய நீட்டிக் காட்டுனேன்.

அப்பத்தான் கலாமணி எட்டிப் பாத்தா. பாத்துட்டு அவ போட்ட சத்தம் பைபாஸு வரைக்கும் கேட்டிருக்கும். 'எங்கப்பனத் தெனமும் பட்டினி போட்டது நீதானாடி'ன்னா. ஒரு வாய் உண்ணாமப் பொட்டியத் தூக்கிட்டுப் போனவ, இந்த ஊட்டு வாசப்படி மிதிக்கல. போகட்டும். அவ போனதுல எனக்கு ஒரு நட்டமும் இல்ல.

சோத்த மாட்டுக்கு வெச்சோம். மறுநாளு மூங்கிலப் புடுங்கிக் கொண்டுபோயிக் குழி தோண்டிப் பொதைச்சேன். பால் ஊத்துனேன். ஒவ்வொரு அமாவாசைக்கும் விரதம் இருந்து வெக்கறேன். வயரு மேல ஒண்ணு ரெண்டு வந்து உக்காரும். நான் மாடிப்படி ஏறுனாப் பறந்துரும். தலைல துணியப் போட்டு மூஞ்சிய மூடிட்டும் போயிப் பாத்துட்டேன். சிரிக்காத. செல்வியக்கா ஊட்டு மாடில கொட்டற பழைய சோத்துக்கு இருவது காக்கா அடிச்சுக்கும், என்ற ஊட்டு நெய்ச்சோறு காஞ்சு கெடக்கும். நெட்டக்கூட அவுத்துட்டேன் அந்தப் பக்கம். பப்பாளி பழுத்து வெடிச்சு உழுகுது, கொத்த ஆளில்ல. வந்து கொத்தட்டும்னுதான் உட்டு வெச்சிருக்கறேன்.

எங்க ஊட்டுக்காரரு? அவரு ஒண்ணும் சொல்லல. இன்னைக்கு வரைக்கும் சொல்லல. அதுதான் என்னால தாங்க முடியல. கலாமணி மாதிரி கத்தித் தொலைச்சா நானும் கத்திட்டுப் போயிருவேன். போன ஆடி அமாவாசைக்கு மாடில ரெண்டு மணி வரைக்கும் நின்னாரு. அப்பறம் எறங்கி வந்தாரு, சோத்தத் தூக்குப்போசில போட்டாரு, கேட்டத் தொறந்து போனாரு. 'எங்க போறீங்க, எங்க போறீங்க'ன்னு நான் பின்னாலயே ஓடறேன். திரும்பல. நேரா பைபாஸத் தாண்டி, அந்த வேப்பமரம். சாயங்காலம் காலிப் போசியோட வந்தாரு. 'உண்டுச்சா?'ன்னேன். 'ம்'ன்னாரு.

அன்னைல இருந்து தெனமும் போறாரு. அது உண்டாத்தான் இவரு உண்கறாரு. சக்கரைக்கு மாத்திரை போடறவரு, நேரத்துக்கு உண்ணாட்டித் தலை சுத்தும். மில்லுல தறிச் சத்தத்துல எடது காது போயிருச்சு, லாரி ஆரன் அடிச்சாலும் அந்தப் பக்கம் கேக்காது. நான் கூட வர்றேன்னு கெஞ்சிப் பாத்தேன். கூட வர வேண்டாம், பின்னால பத்தடி தள்ளி வர்றேன்னேன். அப்பத்தான் வாயத் தொறந்தாரு. 'நீ வந்தா அது வராது'ன்னாரு. ரெண்டு வருசத்துல அந்த விசயத்தப் பத்தி அவரு பேசுனது அது ஒண்ணுதான்.

தெனமும் பன்னெண்டரை ஆனா கேட்டப் புடிச்சுட்டு நிப்பேன். ரோட்டத் தாண்டி அந்தப் பக்கம் வெள்ளை வேட்டி தெரியற வரைக்கும் நிப்பேன். திரும்பி வர்றப்பவும் நிப்பேன். கொழம்பு அடிப்புடிச்சாலும் போக மாட்டேன். எனக்குப் பயமா இருக்குது கண்ணு. வேற ஒண்ணும் இல்ல, பயமா இருக்குது.

மணி என்ன ஆச்சு? அட, உன்னோட பேசிட்டு இருந்துட்டேன். அதா, செருப்புப் போடறாரு பாரு. ஏனுங்க, இந்தப் புள்ள குழுல இருந்து வந்திருக்குது, சித்த நில்லுங்க. ஏனுங்க... பாத்தயா, காதுல உழுந்தும் போறாரு.

நீ பஸ்சுக்கு அந்தப் பக்கம்தான போகோணும்? நோட்ட மூடு. மோரெல்லாம் இன்னொரு நாளு வந்து குடி. எந்திரி கண்ணு, வெரசாப் போ. ரோட்டத் தாண்டற வரைக்கும் அவருகூடப் போ. வலது பக்கமா நடந்து பேசு, அந்தக் காதுதான் கேக்கும். நான் அனுப்புனேன்னு சொல்லீராத. வழி தெரியாத மாதிரி கையப் புடிச்சுக்க, சின்னப்புள்ளன்னா ஒதற மாட்டாரு. ஓடு, கேட்டத் தாண்டீட்டாரு பாரு.